எல்டகாருக்கு ஒரு வில்லங்கம்

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய நாலு அத்தியாயமும் வந்து சேர்ந்தது. பெரியம்மா எனக்கு முன்னாலேயே படித்து முடித்துவிட்டாள். அவளுக்கு அந்தப் படகுச் சண்டை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் படகை விட்டுவிட்டு வாரிசுத் தகராறைப் பிடித்துக்கொண்டேன். காலமெல்லாம் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதியவன் கையில் கதையைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

ஐந்தாவது அத்தியாயத்துக்கு நீ எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். உன் கதாநாயகன் ஆதனின் அப்பா கடற்கரை நாட்டு அரசர், அம்மா மலைக்குடிப் பெண். அப்பா கண்ணை மூடியதும் சித்தப்பன் சபையில் எழுந்து, கலப்புப் பிள்ளைக்கு முடி கிடையாது என்கிறான். இதுவரை சரி. அப்புறம் ஒரு குகையில் செப்பேடு கிடைக்கிறது. ஆதனின் அம்மாவும் பழைய அரச வம்சத்தில் வந்தவள்தான் என்று அதில் பொறித்திருக்கிறது. சபை வாயடைத்துப் போகிறது, முடிசூட்டு விழா நடக்கிறது. கயல், அந்தச் செப்பேட்டைத் தூக்கி உன் கதையிலேயே இருக்கிற கடலில் போட்டுவிடு.

சித்தப்பன் வாதம் என்ன? ரத்தம் சுத்தமில்லை, அதனால் உரிமை இல்லை. உன் செப்பேடு என்ன சொல்கிறது? ரத்தம் சுத்தம்தான், அதனால் உரிமை உண்டு. எதிர்க்கட்சிக்காரன் சொன்ன சட்டத்தை அப்படியே ஒப்புக்கொண்டு, விவரத்தில் மட்டும் பிழை இருக்கிறது என்று பதில் மனு போடுகிறாய். வழக்கில் ஜெயித்தது ஆதன், சட்டத்தில் ஜெயித்தது சித்தப்பன். நாளைக்கு அதே நாட்டில் இன்னொரு மலைக்காரி மகன், குகையும் செப்பேடும் வாய்க்காதவன், வந்து நின்றால் ஆதனே அவனைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு முன்மாதிரி வழக்கு இருக்கிறது. அது நீ பொங்கலுக்கு வந்தபோது இங்கே விட்டுப்போன டோல்கீன் புத்தகத்தில்தான் இருக்கிறது. கதையை நான் முழுசாகப் படிக்கவில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் 1955-இல் வந்த மூன்றாம் பாகத்தின் கடைசியில் பின்னிணைப்பு என்று ஒன்று வைத்திருக்கிறாரே, அதில் உட்கார்ந்துவிட்டேன். யார் யாருக்குப் பிள்ளை, எந்த வருஷம் பட்டம் ஏறினார், யார் பிள்ளையில்லாமல் போனார், அடுத்து யார் வந்தார். தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு பத்திரமாகக் கோத்துக்கொண்டு வருவோமே, அதே வேலை. அந்த மனுஷர் ஆக்ஸ்ஃபோர்டில் மொழிப் பேராசிரியராம். எனக்கென்னவோ எங்கள் வாசலில் மேஜை போட்டிருந்தாலும் பிழைத்திருப்பார் என்றுதான் படுகிறது.

அதில் கோண்டோர் என்ற நாட்டின் கதையில் எல்டகார் என்று ஒரு அரசன் வருகிறான். உன் ஆதனுக்கு அண்ணன் முறை ஆக வேண்டும். நீ கதையைத்தான் படித்திருப்பாய், பின்னிணைப்பைப் புரட்டியிருக்க மாட்டாய் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோண்டோர்க்காரர்கள் நூமெனோர் என்ற கடலில் மூழ்கிப்போன தீவிலிருந்து வந்த பரம்பரை. மற்ற மனிதர்களைவிட ஆயுசு கூட. அதில் அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்த நாட்டு இளவரசன் வாலகாரை 1250-இல் வடக்கே ரோவானியன் என்ற தேசத்துக்குத் தூதனாக அனுப்புகிறார்கள். அங்கத்திய மக்களோடு பழகி, அவர்கள் மொழியையும் வழக்கத்தையும் தெரிந்துகொண்டு வர வேண்டும், நட்பு பலப்பட வேண்டும் என்பது அவன் அப்பாவின் கணக்கு. கணக்குக்கு மேலேயே பலப்பட்டுவிட்டது. அந்த நாட்டு அரசன் விடுகாவியாவின் மகள் விடுமாவியை அவன் கல்யாணம் செய்துகொண்டான். 1255-இல் அங்கேயே பிள்ளை பிறந்தான். அம்மா வீட்டில் வைத்த பெயர் வினிதார்யா. கோண்டோருக்கு வந்த பிறகு எல்டகார்.

பெரிய வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு முணுமுணுப்பு, பையன் பாதி அன்னிய ஜாதி, பிறந்ததும் அன்னிய மண் என்பது. இன்னொன்று, இந்தக் கலப்பால் அரச குலத்தின் ஆயுசே குறைந்துபோகும் என்பது. கல்யாணம் செல்லாது என்று வாதாடியதாக ஒரு வரி கூட இல்லை, அதைக் கவனி. முறையான கல்யாணம், முறையான மூத்த பிள்ளை. சட்டப்படி ஓட்டை எதுவும் இல்லாத இடத்தில்தான் ரத்தம் சுத்தமா என்ற பேச்சு எழும்புகிறது. ஓட்டை இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பார்கள், ரத்தம் வரைக்கும் போயிருக்க மாட்டார்கள்.

வருஷக் கணக்கையும் பார். பையன் பிறந்தது 1255. வாலகாருக்கு வயசான காலத்திலேயே தெற்கே கலகம் தலை காட்டுகிறது. அவர் கண்ணை மூடிய 1432-இல் அது முழுச் சண்டையாக வெடிக்கிறது. நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் எல்டகார் அவர்கள் கண் முன்னால்தான் இருந்தான். அப்பாவைவிட வேகமாக மூப்பு வந்ததற்கு அடையாளம் ஒன்றும் அவனிடம் இல்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பயம் நிஜமாகவே ஆயுசைப் பற்றியது என்றால் வருஷம் ஏற ஏறக் குறைந்திருக்க வேண்டும். கூடியது. ஏனென்றால் பாகம் பிரிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இதை நான் மேஜையில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பிகள் ஒரே இலையில் சாப்பிடாத குறையாக இருப்பார்கள். ஒருத்தன் இளைய தாரத்துப் பிள்ளை என்பது ஊருக்கே தெரியும், யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பாவின் காரியத்துக்கு அவனும் மொட்டை போட்டுக்கொண்டிருப்பான். அப்புறம் பைபாஸ் வருகிறது, கரம்பாகக் கிடந்த நிலம் சென்ட் கணக்குக்கு மாறுகிறது. அன்றைக்குத்தான் பெரியவன் என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘அவங்கம்மாவுக்கு முறைப்படி தாலி கட்டினதுக்கு ஏதாவது ரெக்கார்டு இருக்குமா?’ என்று கேட்பான். வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதும்போது எந்தப் பெயரை விடலாம் என்று கேட்டவர்கள் உண்டு. எல்லாப் பெயரையும் போடாமல் எழுத மாட்டேன் என்றால் பக்கத்து மேஜைக்குப் போய்விடுவார்கள்.

உன் சித்தப்பன் பாத்திரம் முதல் அத்தியாயத்திலேயே ஆதனை வெறுக்கிறான். அதை மாற்று. அவன் ஆதனைத் தோளில் தூக்கி வளர்த்தவனாக இருக்கட்டும். துறைமுகச் சுங்கம் யாருக்கு என்ற கேள்வி வந்த பிறகு அவனுக்கு ரத்தம் ஞாபகம் வரட்டும்.

கோண்டோருக்குத் திரும்புகிறேன். கலகத்துக்குத் தலைமை தாங்கியவர்கள் அரச குலத்தின் கிளைகள். அதில் பெரிய கை காஸ்டமிர், கப்பல் படைத் தலைவன். எல்டகாரின் தாத்தாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தார், அவருடைய பேரன். பங்காளி. பங்காளிக்குப் பின்னால் துறைமுகங்கள் அத்தனையும் நின்றன. எல்டகாரை ஆஸ்கிலியத் என்ற தலைநகரத்தில் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டார்கள். 1437-இல் அவன் எரிகிற நகரத்தை விட்டு வெளியேறி, அம்மாவின் ஊர்ப்பக்கம் வடக்கே போய்ச் சேர்ந்தான். அந்தத் தீயில் நட்சத்திர மாடம் இடிந்தது. தொலைதூரத்தில் நடப்பதைக் காட்டும் பளிங்குக் கல் ஒன்று அங்கே இருந்ததாம், அது ஆண்டுயின் ஆற்றில் விழுந்து தொலைந்தே போயிற்று. நாட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவர்கள் நாட்டின் கண்ணைப் பிடுங்கி ஆற்றில் போட்டுவிட்டார்கள். எல்டகாரின் மகன் ஒர்நெண்டில் பிடிபட்டான், காஸ்டமிர் அவனைக் கொன்றுவிட்டான்.

சுத்த ரத்தக்காரன் ஆண்டது பத்து வருஷம். உள்நாட்டு ஜனங்களைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை, கப்பல் கப்பல் என்றே கிடந்தான். தலைநகரத்தையே பெலார்கிர் துறைமுகத்துக்கு மாற்றிவிட நினைத்தான். 1447-இல் எல்டகார் வடக்கேயிருந்து படையோடு திரும்பி வந்தபோது, காஸ்டமிரின் ஆட்சியைப் பத்து வருஷம் அனுபவித்திருந்த உள்நாட்டு மக்கள் சாரி சாரியாக வந்து அவனோடு சேர்ந்துகொண்டார்கள். எருய் ஆற்றுத் துறையில் நடந்த சண்டையில் எல்டகார் தன் கையாலேயே காஸ்டமிரைக் கொன்றான். மகன்கள் பெலார்கிரில் பதுங்கி, 1448-இல் கப்பலேறி உம்பருக்குத் தப்பினார்கள். எல்டகாரிடம் துரத்திப் போகக் கப்பல் இல்லை. காஸ்டமிரின் கொள்ளுப்பேரன்கள் 1634-இல் வந்து இன்னொரு கோண்டோர் அரசனை பெலார்கிரில் கொன்றார்கள். 1810-இல் உம்பர் விழுந்த பிறகுதான் அந்தக் கிளை அற்றது. ஒரு பாகப்பிரிவினைத் தகராறு, கிட்டத்தட்ட நானூறு வருஷம்.

இனிமேல்தான் எனக்குச் சிரிப்பு வந்த இடம். இந்தச் சுத்தத்துக்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், கயல். மேலே மேலே போனால் நூமெனோரின் முதல் அரசன் எல்ராஸ். அவன் யார்? இதில் கொஞ்சம் 1977-இல், டோல்கீன் போன பிறகு, மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்த ‘சில்மரில்லியன்’ புத்தகத்தில் இருக்கிறது. எல்ராஸின் அப்பா எயரெண்டில், மனிதனுக்கும் எல்ஃப் இளவரசிக்கும் பிறந்தவன். அம்மா எல்விங், லூத்தியனின் பேத்தி. அந்த லூத்தியன் எல்ஃப் அரசனுக்கும் மெலியன் என்ற தேவகணத்துப் பெண்ணுக்கும் பிறந்து, பெரென் என்ற சாதாரண மனிதனைக் கட்டிக்கொண்டவள். எல்ராஸ், எல்ரான்ட் என்ற சகோதரர்கள் இரண்டு பேரிடமும் நீங்கள் எந்தப் பக்கம் என்று தேவர்கள் கேட்கிறார்கள். எல்ரான்ட் எல்ஃப்களோடு இருக்கிறேன் என்கிறான். எல்ராஸ் மனிதனாக இருக்கிறேன் என்கிறான். ஐந்நூறு வருஷம் வாழ்ந்து செத்துப்போனான். அவன் வழி வந்ததுதான் கோண்டோரின் அரச குலம்.

அதாவது வேர் முழுக்கக் கலப்பு. தேவகணம், எல்ஃப், மனிதன் மூன்றும் கலந்த குடும்பத்துக்காரர்கள், மனிதனுக்கும் மனுஷிக்கும் பிறந்த எல்டகாரைக் கலப்பு என்கிறார்கள்! மேலே இருக்கிறவர்களோடு கலந்தால் அது வம்சப் பெருமை, கல்வெட்டில் வெட்டலாம். கீழே இருக்கிறவர்கள் என்று தாங்கள் நினைக்கிறவர்களோடு கலந்தால் அது கறை. எந்த ஊரிலும் கலப்பை எதிர்க்கிறவன் எல்லாக் கலப்பையும் எதிர்ப்பதில்லை, நீ விசாரித்துப் பார்.

ஆனால் டோல்கீன் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எல்டகார் 235 வயசு வரை வாழ்ந்து 1490-இல் செத்தான். கலப்பினால் ஆயுசு குறையும் என்று பயந்தது உடனே நடக்கவில்லை என்று பின்னிணைப்பிலேயே எழுதியிருக்கிறார். பின்னால் குறைந்ததற்கும் நூமெனோர் மூழ்கியதால் அந்த வரம் மெல்ல மெல்ல வடிந்ததுதான் முக்கியமான காரணம் என்கிறார். நியாயமான மனுஷர். இருந்தாலும், எல்டகார் நல்லவன் என்பதற்குச் சாட்சி அவன் நீண்ட ஆயுசு என்று ஆகிவிடுகிறதே. அவன் அறுபது வயசில் போயிருந்தால்? பட்டத்துக்குத் தகுதியில்லாதவன் ஆகிவிடுவானா? உயர்ந்த மனிதர், நடு மனிதர், காட்டு மனிதர் என்று ஒரு ஏணியைக் கதைக்குள்ளேயே ஃபராமிர் வாயால் சொல்ல வைக்கிறார். ஏணியில் ஒருத்தனைத் தப்பான படியில் வைத்துவிட்டார்கள் என்று காட்டுகிறாரே தவிர, ஏணியைக் கீழே சாய்க்கவில்லை. உன் செப்பேடு செய்வதும் அதே வேலைதான். அவரே செய்தார், நான் செய்தால் என்ன என்று நீ கேட்பாய். அவர் எருய் ஆற்றங்கரைக்கு ஜனங்களையும் அழைத்து வந்தார். நீ குகைக்குள் ஆதனைத் தனியாக அனுப்புகிறாய்.

நீ விழுந்து விழுந்து பார்க்கிற அந்த டிராகன் தொடர் இருக்கிறதே, அதன் பின்கதையும் இதற்குப் பக்கத்துச் சர்வே நம்பர்தான். நாலாம் ஏகான் என்ற அரசன் 184-இல் மரணப் படுக்கையில் தன் முறையற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் முறையான பிள்ளைகளாக்கி ஆணை போட்டுவிட்டுப் போகிறான். ஏற்கெனவே அதில் ஒருவனான டேமனுக்குப் பரம்பரை வாளையும் கொடுத்திருந்தான். பட்டத்துக்கு வந்த முறையான மகன் டேரான், டோர்ன் நாட்டுப் பெண்ணைக் கட்டியவன். அவன் மூத்த மகன் பேலோர் அம்மாவைப் போலக் கறுத்த தலைமுடிக்காரன். டேமனோ வெள்ளி முடி, ஊதாக் கண், பார்த்தால் பழைய அரசர்களின் அச்சு. சட்டப்படி வந்தவன் வீட்டில் கலப்பு, கலப்பில்லாதவனிடம் சட்டத்தில் ஓட்டை. இதில் பல பிரபுக்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று நினைக்கிறாய்? 196-இல் டேமன் பின்னால்தான் போனார்கள். முறை, முறை என்று அதுவரை பேசியவர்களுக்கு முகஜாடை போதுமாக இருந்தது. அந்தப் படுக்கைப் பத்திரம் கிளப்பிய தகராறு 260-இல்தான் அடங்கியது. சாகப் போகிறவர் கையைப் பிடித்துக் கட்டைவிரல் ரேகை வைக்கும் பத்திரங்களை நான் ஏன் எழுத மாட்டேன் என்று உன் அப்பா அடிக்கடி கேட்பான். இதைப் படிக்கச் சொல்.

அந்தப் பின்கதையை எழுதிய மார்ட்டினின் இன்னொரு புத்தகத்தில் நெட்டில்ஸ் என்று ஒரு பெண் வருகிறாள். கறுத்த, ஏழைப் பெண், அப்பன் பெயர் தெரியாது. டிராகன் ரத்தம் உள்ளவர்களைத்தான் டிராகன் முதுகில் ஏற்றும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. ரத்தம் இருக்கிறது என்று நம்பிப் போய் வெந்து செத்தவர்கள் நிறைய. இவள் தினம் காலையில் புதிதாக அறுத்த ஆட்டைக் கொண்டுபோய் அந்த மிருகத்தின் முன்னால் போட்டாள். ஆளைப் பழகிக்கொண்டு அது அவளை ஏற்றிக்கொண்டது. இதை எழுதும் திறமை உனக்கு இருக்கிறது. ஆதன் மலையிலும் கரையிலும் தினம் தினம் என்ன செய்கிறான் என்று நாலு அத்தியாயத்திலும் ஒரு பக்கம் கூட இல்லையே.

கோண்டோரில் இன்னும் ஒரு வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது பெண் பங்கு சம்பந்தப்பட்டது. 1944-இல் அரசர் ஒண்டோஹெர் பிள்ளைகளோடு போரில் செத்துப்போகிறார். மகள் ஃபிரியல் மட்டும் மிச்சம். அவள் புருஷன் ஆர்வெடுய், வடக்கு ராஜ்ஜியத்துக்காரன், மனு போடுகிறான். தன் முன்னோர் இசில்துரின் வாரிசு என்று ஒரு வழி, மனைவி வழி இன்னொன்று. இங்கே மகன் வழிதான் வாரிசு, உங்கள் ஊரிலும் வேறு சட்டம் இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை என்று சபை சொல்கிறது. ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்குத்தான் செங்கோல் என்று நூமெனோரில் பழைய சட்டம் உண்டே என்று அவன் திருப்பிக் கேட்கிறான். கோண்டோர் பதில் சொல்லவே இல்லை. ஆள் கேட்டது சரியான கேள்வி, அதனால்தான் பதில் வரவில்லை. நம்மூரில் 1989-இல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டுச் சட்டம் வந்த பிறகும், அக்கா தங்கைகளை வரிசையாக நிற்க வைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய அண்ணன்மார்களை நினைத்துக்கொண்டேன். அதை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

உள்நாட்டுச் சண்டைக்குப் பிறகு கோண்டோர் அரசர்கள் பங்காளிகளைக் கண்டாலே சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் பலர் உம்பருக்கு ஓடினார்கள். வேறு சிலர் எங்களுக்கு வம்சமே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத குறையாக விலகிக்கொண்டு, நூமெனோர் ரத்தமில்லாத பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். 2050-இல் கடைசி அரசன் எயர்னுர் பிள்ளையில்லாமல் போய்த் தொலைந்தபோது தேடிப் பார்க்கிறார்கள். சுத்த ரத்தம் உள்ளவர், அல்லது எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடியவர், ஒருவர் கூட இல்லை. பழைய சண்டை மறுபடி மூளுமோ என்ற பயம் வேறு. சரி, அரசரே வேண்டாம், அவர் வரும்வரை காரியஸ்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கேஸ் முடிகிற வரைக்கும் பூட்டிக் கிடக்கும் பாகவீடு மாதிரி, 3019 வரைக்கும் 969 வருஷம் அந்த நாற்காலி காலி. சுத்தம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் உட்கார ஆளில்லை. உனக்கு ஒரு நாவலுக்கான விஷயம் இந்த ஒரு பத்தியிலேயே இருக்கிறது.

உன் அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், அதனால் நான் சொல்கிறேன். இந்த மாசியில் குலதெய்வக் கோயில் கூட்டத்தில் அவனிடம் தலைக்கட்டு வரி வாங்கவில்லை. நோட்டு வைத்திருந்த பையன், நாம் தூக்கி வளர்த்த பையன்தான், உன் அப்பா பெயர் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, ‘சித்தப்பா, உங்களதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு’ என்றான். உன் அம்மா கட்டாக்கிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வாங்கிய வரி. உன் காதுகுத்தும் அந்தச் சன்னதியில்தான் நடந்தது. இப்போது என்ன புதிதாக? கோயில் பொது நிலத்தை நெடுஞ்சாலைக்கு எடுக்கிறார்கள், இழப்பீட்டுப் பணத்தைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. வரி கட்டினவன்தானே தலைக்கட்டு. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டான். என் வரியையும் நான் கொடுக்கவில்லை. நோட்டில் எங்கள் இரண்டு பேர் இடமும் காலியாகத்தான் இருக்கிறது. எனக்குப் பணத்தைப் பற்றி ஒன்றுமில்லை, ஆனால் விடப்போவதில்லை. பழைய ரசீதுகள் அத்தனையும் உன் அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டிப் போட்டு வைத்திருக்கிறாளாம். அவள்தான் எங்கள் குடும்பத்தில் உண்மையான பத்திர எழுத்தர்.

இதை வைத்துக்கொண்டு உன் கதைக்கு ஒரு ரசீதுக் கட்டைக் கொண்டுவந்துவிடாதே. செப்பேட்டுக்குப் பதில் ரசீது என்று ஆகிவிடும். ஆதன் சபையில் என்ன பதில் சொல்வான் என்று கேட்டால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ‘ஆமாம், என் அம்மா மலைக்காரி. அதனால் என்ன?’ அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தையும் நிரூபிக்க வேண்டாம். சித்தப்பன் நிரூபிக்கட்டும், சாட்சிச் சுமை அவன் தலையில் ஏறட்டும். சபையில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளாமல் எழுந்து போகட்டும். போகிறவர்கள் எங்கே போய்க் கப்பல் கட்டுகிறார்கள் என்பது உன் இரண்டாம் பாகம்.

கடைசியாக அந்த அம்மாவைப் பற்றி. விடுமாவியைப் பற்றிப் பின்னிணைப்பில் இருப்பது அழகி, குணவதி, குறைந்த ஆயுசு என்ற அளவுதான். புருஷன் அவளுக்குப் பிறகும் நெடுநாள் இருந்தான். இவ்வளவு ரகளையும் அவளை வைத்துத்தான், ஆனால் அவள் கோண்டோர் அரண்மனையில் எப்படி இருந்தாள், அந்தப் பெரிய வீட்டுப் பெண்கள் அவளிடம் எப்படிப் பேசினார்கள், பிள்ளையை வினிதார்யா என்று கூப்பிட்டாளா எல்டகார் என்று கூப்பிட்டாளா, ஒன்றும் இல்லை. நீயும் ஆதனின் அம்மாவை முதல் அத்தியாயம் முதல் பக்கத்திலேயே ஜுரத்தில் சாக விட்டுவிட்டாய். அவளுக்குப் பெயர் கூட வைக்கவில்லை. அவளை உயிரோடு வை. சபை கூடுகிற அன்றைக்கு அவள் சமையல்கட்டிலோ கொல்லையிலோ இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எப்படிப் பேசுவாள் என்று தெரியாவிட்டால் உன் அம்மாவிடம் கேள். இந்த வீட்டில் முதல் வருஷத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று நானும் கேட்டதில்லை, நீயும் கேட்டிருக்க மாட்டாய்.

ஐந்தாவது அத்தியாயம் எழுதி முடித்ததும் போனில் அனுப்பாதே, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது. பிரிண்ட் எடுத்து, பக்க எண் போட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து அனுப்பு. மறுபக்கம் நான் எழுத வேண்டும். பெரியம்மா படகுச் சண்டை இன்னொன்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
பெரியப்பா

பி.கு.: நாலாம் அத்தியாயத்தில் அரசர் இறந்து எட்டு மாசம் கழித்து ஆதனுக்கு வேறு தாய் வயிற்றில் தங்கை பிறப்பதாக எழுதியிருக்கிறாய். அவளுக்கும் பங்கு உண்டு, சபையில் யாரும் அவளைப் பற்றிப் பேசவே இல்லை.